காது குத்திய மறுநாள்: தென் திருவிதாங்கூர் எல்லைக் கிராமங்களில் ஒரு சிறு காயத்தின் வரலாறு

தென் திருவிதாங்கூரின் காதணி வரலாறு பெரும்பாலும் நகையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பாம்படம், தண்டட்டி, தோடு, தக்கை, குணுக்கு எனப் பெயர்கள் திரட்டப்பட்டன. வடிவம், எடை, அணிந்த சாதி ஆகியவை பதிவாயின. காது குத்தும் சடங்கும் ஓரளவு விவரிக்கப்பட்டுள்ளது. தாய்மாமன் மடி, சீர்வரிசை, நல்ல நேரம் ஆகியவற்றைக் குறிக்காத இனவரைவியல் நூல் அரிது. சடங்கு ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை அந்தத் துளை ஒரு காயமாகவே இருக்கிறது. அந்த வாரங்களில் காதைக் கழுவியவர் யார், எதைக் கொண்டு கழுவினார், வீங்கியபோது என்ன செய்தார், துளையில் எந்தப் பொருள் கிடந்தது என்னும் வினாக்களை வரலாற்றாய்வு மிக அரிதாகவே எழுப்பியிருக்கிறது. இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள் மருத்துவத்தோடு நிற்பதில்லை. சாதியையும் பெண்களின் உழைப்பையும் தொட்டுச் செல்கின்றன.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்ற நிலப்பகுதி, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட செங்கல் முதலிய ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லை வரையப்பட்டாலும் உறவுமுறையும் பேச்சும் சந்தையும் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. காதுகளின் வரலாற்றிலும் இதுவே நிலை. கிழக்கே நெல்லைச் சீமையில் நாடார், மறவர் முதலிய சமூகப் பெண்கள் பாம்படத்தின் பாரத்தால் தோளைத் தொடும் காது மடல்களைக் கொண்டிருந்தனர். மேற்கே நாயர் பெண்கள் விரிந்த மடலுக்குள் வட்டத் தோடு அணிந்தனர். அணி வேறுபட்டாலும் துளையிட்டு, புண் ஆற்றி, படிப்படியாக விரிக்கும் செய்முறை இரு பக்கத்துக்கும் பொதுவானது. தமிழில் இதற்குக் ‘காது வளர்த்தல்’ என்று பெயர். ‘காது வடித்தல்’ என்பாரும் உண்டு. பிள்ளையை வளர்ப்பதற்கும் பயிரை வளர்ப்பதற்கும் ஆளும் வினைச்சொல்லையே மக்கள் காதுக்கும் ஆண்டனர். அன்றாடக் கவனிப்பு இல்லாமல் வளராத ஒன்று அது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

அந்த அன்றாடக் கவனிப்பைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்று, 9-ஆம் நூற்றாண்டினராகப் பொதுவாகக் கருதப்படும் பெரியாழ்வாரின் திருமொழியில் கிடைக்கிறது. கண்ணனுக்குக் காது குத்த யசோதை அழைப்பதாக அமைந்த பதிகம் அது. பக்தி இலக்கியமாகவும் பிள்ளைத்தமிழின் முன்னோடியாகவும் மட்டுமே அது பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. காயப் பராமரிப்பின் ஆவணமாக வாசித்தால் வேறு செய்திகள் புலப்படுகின்றன. தாய் குழந்தைக்குத் தின்பண்டம் காட்டி ஆசை மூட்டுகிறாள். காதில் இடப்போவது திரி. அதை எரிச்சல் உண்டாகாதபடி இடுவதாக வாக்களிக்கிறாள். காது வீங்கி எரிந்தால் பிள்ளைக்குத் தலை நோகுமே என்று அஞ்சி முன்பே குத்தாமல் விட்டுவிட்டதைத் தன் குற்றமாகச் சொல்லிக்கொள்கிறாள். ஊரிலுள்ள பிற சிறுவர்கள் எல்லாரும் காது பெருக்கித் திரிவதையும் எடுத்துக்காட்டுகிறாள்.

இப்பதிகத்திலிருந்து குறைந்தது மூன்று செய்திகளைப் பெறலாம். குத்திய துளையில் உடனே நகை ஏறவில்லை. முதலில் திரியே இடப்பட்டது. வீக்கமும் எரிச்சலும் எதிர்பார்க்கப்பட்டவை. அவற்றின் பொருட்டுச் சடங்கைத் தள்ளிப்போடும் உரிமை தாய்க்கு இருந்தது. காது பெருக்குதல் அக்காலத்தில் பெண்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. சிறுவர்களும் அதைச் செய்துகொண்டனர். சிலப்பதிகாரம், கணவனைப் பிரிந்திருந்த கண்ணகியைக் குழை நீங்கித் தொங்கும் காதினளாகக் காட்டுவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். நகையைக் கழற்றிய பின்னும் மடல் தாழ்ந்தே இருக்கிறது என்றால், அது பல ஆண்டுகள் வளர்க்கப்பட்ட காது.

திரியின் பயன்பாட்டை முறையாக விளக்கும் பழைய மருத்துவ நூல் சுசுருத சம்ஹிதை. பல நூற்றாண்டுகளில் அடுக்கடுக்காகத் தொகுக்கப்பட்ட இச்சமஸ்கிருத நூலின் சூத்திரஸ்தானத்தில் 16-ஆவது அத்தியாயம் காது குத்துதலையும் அறுந்த காதை ஒட்டுதலையும் பற்றியது. காப்பு, அழகு என்னும் இரு நோக்கங்களுக்காகக் குழந்தையின் காது குத்தப்படுகிறது என்று அது தொடங்குகிறது. காலம் ஆறாம் அல்லது ஏழாம் மாதம். குழந்தை செவிலியின் மடியில் இருக்க வேண்டும். விளையாட்டுப் பொருள் காட்டி அதன் கவனத்தைத் திருப்ப வேண்டும். மருத்துவர் இடக்கையால் மடலை இழுத்துப் பிடித்து, வெயிலில் ஒளி ஊடுருவித் தெரியும் இயற்கையான மெல்லிய இடத்தைக் கண்டு, வலக்கையால் நேராகவும் மெதுவாகவும் குத்த வேண்டும். மெல்லிய மடலுக்கு ஊசி, தடித்த மடலுக்கு ஆரா எனப்படும் குத்தூசி. ஆண் குழந்தைக்கு வலக்காது முதலில், பெண் குழந்தைக்கு இடக்காது முதலில். குத்தியவுடன் பஞ்சுத் திரி செருகப்படுகிறது.

இதற்கு அடுத்த பகுதியே இங்கு முக்கியமானது. மிகுந்த இரத்தமும் வலியும் வந்தால் இடம் தவறியது என்று பொருள். தொல்லை ஏதும் இல்லையென்றால் சரியான இடத்தில் குத்தியாயிற்று. அறியாதவர் தற்செயலாகத் துளைத்துவிடக்கூடிய மூன்று நாளங்களை நூல் பெயரிட்டுக் கூறுகிறது: காளிகை, மர்மரிகை, லோகிதிகை. முதலாவது காயமுற்றால் காய்ச்சலும் எரிச்சலும் வீக்கமும். இரண்டாவதில் வலி, காய்ச்சல், கட்டிகள். மூன்றாவதில் கழுத்து விறைப்பு, உடலை இழுக்கும் வலிப்பு, தலைப்பிடிப்பு, காதுவலி. சரியாகக் குத்திய காதில் எண்ணெய் வார்த்து, மூன்று நாளுக்கு ஒருமுறை முன்னதைவிடச் சற்றுத் தடித்த திரியை மாற்ற வேண்டும். புண் சினந்தால் திரியை உடனே நீக்கிவிட்டு, அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, வாற்கோதுமை, எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கலந்து, நன்கு ஆறும்வரை பூச வேண்டும். ஆறிய பிறகு மீண்டும் குத்த வேண்டும். எல்லாத் தொல்லையும் நீங்கிய பின்னரே விரிப்பதற்கான இலேசான கருவியை இடலாம்.

மூன்றாவது நாளத்தின் அறிகுறிப் பட்டியல் இன்றைய வாசகரைத் திடுக்கிட வைக்கும். கழுத்து விறைத்தலும் உடலை இழுக்கும் வலிப்பும் சேர்ந்து வருவது டெட்டனஸின் முகத்தோற்றம். அந்நோயின் கிருமியைக் கிட்டசாட்டோ சிபசாபுரோ தனித்துப் பிரித்தது 1889-இல். நூல் நாளத்தைக் குற்றம் சாட்டுகிறது. இன்றைய மருத்துவம் மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியைக் குற்றம் சாட்டுகிறது. காரணம் தவறாக இருந்தாலும் கவனிப்பு உண்மையானது. காது குத்திய சில குழந்தைகள் வலிப்பு வந்து இறந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறவாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய நூலறிவு செங்கல் போன்ற ஊர்களின் குடிசைகளுக்கு நேராகச் சென்றடைந்தது என்று கருத இடமில்லை. அங்கே காது குத்தியவர்கள் வைத்தியர்களும் அல்லர். வசதியுள்ள வீடுகளில் தட்டான் குத்தினார். முனை கூராக்கிய பொற்கம்பியையே ஊசியாகச் செலுத்தி, அதையே வளைத்து வளையமாக விட்டுவிடுவது அவருடைய முறை. தமிழகத் தென் மாவட்டங்களில் குறவர் சமூகத்தார் காது குத்துவதிலும் விரிப்பதிலும் தேர்ந்தவர்களாக இருந்தனர். காலனிய இனவரைவாளர்கள் ‘காதுகுத்தி’ என்பதை அவர்களுள் ஒரு பிரிவின் பெயராகவே பதிந்துள்ளனர். மற்ற வீடுகளில் மூதாட்டியர் நாரகத்தின் முள்ளால் குத்தினர். துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சியோ தென்னை ஈர்க்கோ செருகப்பட்டது. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் எல்லா வீட்டுக்கும் பொது.

இம்முறைகளை இன்றைய அறிவைக் கொண்டு அளந்தால் எதிர்பாராத முடிவுகள் கிடைக்கின்றன. தட்டானின் பொற்கம்பி ஒரே குழந்தைக்குப் பயன்பட்டு அக்காதிலேயே தங்கிவிடுவது. நாரக முள்ளும் ஒருமுறை குத்திய பின் எறியப்படுவது. ஊசி காதுக்குக் காது மாறுவதால் குருதி வழிப் பரவும் கல்லீரல் அழற்சி போன்ற நோய்கள் இவ்விரு முறைகளிலும் பெரிதும் தடுக்கப்பட்டிருக்கும். பொன் எளிதில் அரிக்கப்படாத உலோகம்; திறந்த புண்ணில் கிடந்தாலும் உப்பும் வியர்வையும் அதைக் கரைப்பதில்லை. முள்ளும் ஈர்க்கும் அவ்வாறல்ல. அவை கிருமி நீங்கியவை என்று சொல்ல முடியாது, நனைந்தால் ஊறிப் பெருக்கும். மஞ்சளுக்கு நுண்ணுயிர்களைத் தடுக்கும் தன்மை ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. ஆனால் அம்மியில் அரைத்த மஞ்சள் தூய்மையானது என்பதற்கு உறுதியில்லை. எண்ணெய், காய்ந்த பொருக்கை இளக்கி வலியைக் குறைத்தது. அதேவேளை சீழ் வடியும் வழியையும் அடைத்திருக்கக்கூடும்.

இந்த இடத்தில் மருத்துவ வரலாறு சாதி வரலாறாகிறது. புதிய காயத்தில் எந்த உலோகம் கிடக்கலாம் என்பதைத் திருவிதாங்கூரில் குடும்பத்தின் பணப்பை மட்டும் முடிவு செய்யவில்லை. அரசும் வழக்கமும் முடிவு செய்தன. பொன், வெள்ளி அணிகளை அணிவதற்குப் பல சாதியினர் தனி அனுமதி பெற்று அடியறைப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. கௌரி பார்வதி பாயியின் ஆட்சிக் காலத்தில் (1815–1829) இக்கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. ஆணை தளர்ந்தாலும் ஊர் வழக்கம் தளரவில்லை. ஆறாட்டுப்புழை வேலாயுதப் பணிக்கரின் (1825–1874) வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படும் மூக்குத்திப் போராட்டம் இதற்குச் சான்று. பந்தளத்தில் மூக்குத்தி அணிந்து சென்ற ஈழவப் பெண்ணின் மூக்கிலிருந்து அதை மேல்சாதியினர் பறித்து மூக்கை அறுத்ததாகவும், பணிக்கர் ஏராளமான மூக்குத்திகளைக் கொண்டுவந்து பெண்களுக்கு அணிவித்ததாகவும் அந்த வரலாறு கூறுகிறது. இதைச் சமத்துவப் போராட்டமாக வாசிப்பது சரியே. ஒரு பெண் வாரக்கணக்கில் பொறுத்து ஆற்றிய காயம் மீண்டும் காயமாக்கப்பட்டது என்னும் உடல்சார்ந்த உண்மையும் அதற்குள் இருக்கிறது.

நெய்யாற்றின்கரை வட்டாரமும் இப்போராட்டங்களின் களமே. தோள்சீலைக் கலவரம் இப்பகுதி முழுவதையும் உலுக்கியது. 1859 ஜூலை 26-ஆம் நாள் பிரகடனம் சாணார் பெண்களுக்கு மேலாடை உரிமையை வரம்புகளோடு வழங்கியது. இவ்வட்டாரத்தின் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி (1863–1941), புலையர் பெண்கள் சாதி அடையாளமாகக் கட்டாயத்தின்பேரில் அணிந்துவந்த கல்மாலைகளை அறுத்தெறியுமாறு அழைத்தார். 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அது பெரும் மோதலாக வெடித்தது. கல்மாலைப் போராட்டம் கழுத்தணியைப் பற்றியதாகவே நினைவுகூரப்படுகிறது. அதன் அடிப்படை வினாவோ, உடலில் எந்தப் பொருள் கிடக்கலாம் என்பதை யார் முடிவு செய்வது என்பது. பொன் மறுக்கப்பட்டவர்களுக்கு இரும்பும் பித்தளையும் கல்லும் மிஞ்சின. ஆறாத துளையில் பித்தளை பச்சை பிடிக்கும், இரும்பு துருவேறும். காதுப்புண் தீராமல் சீழ் வைத்த குழந்தைகள் எந்தச் சாதியில் மிகுந்திருப்பர் என்பதை எண்ணிக்கையாகச் சொல்ல ஆவணமில்லை. உலோகவியலையும் சட்டத்தையும் அருகருகே வைத்தால் விடையை ஊகிப்பது கடினமன்று.

காது வளர்த்த முறையை நோக்கினால் பெண்களின் உழைப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். முதலில் மெல்லிய பஞ்சுத் திரி. அது தளர்ந்ததும் தடித்த திரி. பிறகு சுருட்டிய பனையோலை. ஓலைச்சுருள் தானே விரிய முயல்வதால் நாள் முழுவதும் மெல்ல அழுத்தம் தருகிறது, ஈரம் பட்டால் எடுத்து மாற்றலாம், செலவில்லை. துளை போதிய அளவு விரிந்த பின் ஈய வளையங்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்டன. விரைந்து விரித்தால் மடல் அறுந்துவிடும். அறுந்த காது அழகிழந்த காது; மணத்துக்கும் தடை. எனவே ஒவ்வொரு கட்டத்திலும் தோலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்து, ‘இன்னும் இரண்டு நாள் பொறு’ என்று தீர்மானிக்க ஒருவர் தேவைப்பட்டார். அத்தீர்ப்பைச் செய்தவர் தாய் அல்லது பாட்டி. எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட இனவரைவுக் குறிப்புகளில் மடலை விரிக்கும் வழக்கம் உறுப்புச் சிதைவு என்னும் தலைப்பின் கீழ் இடம்பெற்றது. சிதைவு என்று அவர் வகைப்படுத்திய செயலை, அதைச் செய்தவர்கள் வளர்த்தல் என்றனர். இரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் அந்தத் தாய்மாரின் அறிவு பதிவாகாமல் போயிற்று.

மிஷன் காலம் இந்த வரலாற்றைத் திருப்பியது. இலண்டன் மிஷன் சங்கத்துக்குப் பாறசாலை ஒரு நிலையம். 1838-இல் நெய்யூரில் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். சாமுவேல் மட்டீரின் 1871, 1883-ஆம் ஆண்டு நூல்கள் திருவிதாங்கூர்ச் சாதிகளின் உடையையும் அணியையும் விரிவாகப் பதிவு செய்கின்றன. மிஷனரிகளின் பார்வையில் நீண்ட காது பழைய வாழ்வின் சின்னம். பள்ளிக்குச் சென்ற பெண்களிடையே வளர்த்த காது மெல்ல மறைந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அறுவைக் கூடங்களில் நீண்ட மடலை வெட்டிக் குறுக்கித் தைத்துக்கொள்வதும் பரவியது. தைப்பும் ஒரு காயம். அதையும் கட்டி, உலர்த்தி, காக்க வேண்டும். பாட்டி பத்து ஆண்டுகள் வளர்த்த காதைப் பேத்தி ஒரு மணி நேரத்தில் தைத்துக்கொண்டாள். தொங்கும் காதுக்காக ஏளனம் செய்யப்பட்ட பெண்களுக்கு அது விடுதலையாகவும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அறுந்த மடலை ஒட்டுவதற்குச் சுசுருதர் 15 முறைகளைக் கூறியிருப்பதால், காதைத் தைக்கும் கலை இம்மண்ணுக்கு முற்றிலும் புதிதன்று.

இன்று காது குத்துதல் நகைக்கடைக்கும் அழகு நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவிட்டது. மடலில் மட்டும் குத்திய காலம் போய், காதின் மேல்விளிம்பிலுள்ள குருத்தெலும்பிலும் துளையிடுகின்றனர். சிரியன் கிறித்தவப் பெண்களின் குணுக்கு மேல்காதிலேயே அணியப்பட்டது என்பதால் இதுவும் கேரளத்துக்குப் புதிதன்று. ஆனால் இரண்டும் ஒரே வகைக் காயமல்ல. மடலில் இரத்த ஓட்டம் மிகுதி. ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறும். குருத்தெலும்புக்குத் தனக்கென இரத்தக் குழாய் இல்லை. ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம். அங்கே சூடோமோனாஸ் கிருமி பற்றினால் குருத்தெலும்பே அழிந்து காது சுருங்கிப்போகும். ஒளி ஊடுருவும் மெல்லிய இடத்தைத் தேடச் சொன்ன பழைய விதி, குருத்தெலும்பையும் பெருநாளங்களையும் ஒருசேரத் தவிர்த்தது.

இன்றைய மருத்துவப் பரிந்துரை எளிமையானது. தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். 0.9 விழுக்காட்டு உப்புநீரால் நாளுக்கு ஒன்று அல்லது இருமுறை துடைத்து, உலர விட வேண்டும். ஆறும்வரை அணியைக் கழற்றவோ அடிக்கடி திருகவோ கூடாது. துளையின் இரு வாயிலிருந்தும் உள்நோக்கி வளரும் புதுத் தோல் ஒவ்வொரு திருகலிலும் கிழிகிறது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு புதுத் தோலையும் எரிக்கும். நிக்கல் கலந்த மலிவு அணி ஒவ்வாமை தரும். இக்காரணத்தாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. தழும்பு தடித்து வளரும் இயல்புள்ள குடும்பத்தினர் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். காய்ச்சலோ, பரவும் சிவப்போ, சீழோ கண்டால் காலம் தாழ்த்தலாகாது. டெட்டனஸ் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருப்பது இன்றியமையாதது. இந்தியாவில் 1978-இல் தொடங்கி 1985-இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமே லோகிதிகையின் அச்சத்தை நீக்கியது.

பழைய முறையும் புதிய முறையும் முரண்படும் இடங்கள் உண்டு. சினந்த புண்ணிலிருந்து திரியை உடனே எடுக்கச் சொன்னது பழைய நூல். அணியைத் தாமே எடுத்தால் வாய் மூடிச் சீழ் உள்ளே தேங்கும் என்று எச்சரிப்பது இன்றைய மருத்துவம். திரி சீழை உறிஞ்சித் தன்னுள் தேக்கும் பொருள்; வழவழப்பான உலோகத் தண்டோ சீழுக்கு ஓரமாக வழிவிடும். பொருள் மாறியதால் விதியும் மாறியது என்று இம்முரணைப் புரிந்துகொள்ளலாம். இரு காலத்துக்கும் பொதுவாக நிற்பது பொறுமை: ஆறும்வரை காத்திரு, ஆறிய பிறகே அழகு.

எல்லைக் கிராமங்களில் வளர்த்த காதுடைய கடைசித் தலைமுறைப் பெண்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களிடம் ஆய்வாளர் பெரும்பாலும் கேட்பது பாம்படத்தின் எடையையும் விலையையும்தான். திரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள், ஓலை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், வீங்கினால் என்ன பூசினீர்கள், பொன் கிடைக்காத வீட்டில் துளையில் என்ன இட்டார்கள், புண் ஆறாமல் போன பிள்ளை உண்டா என்ற வினாக்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒருசேரக் கேட்டுப் பதிவு செய்யும் களப்பணி நெய்யாற்றின்கரையிலும் விளவங்கோட்டிலும் ஒரே நேரத்தில் நடைபெற வேண்டும். நகைகள் அருங்காட்சியகத்தில் காத்திருக்கும்; காயத்தை ஆற்றிய கைகளுக்கு அந்த அவகாசம் இல்லை.